தோற்றுக்கொடுக்கும் உத்தியோகம்

ஊட்டி,
4-3-1974

அன்புள்ள நஜ்முன்னிசா அக்காவுக்கு, தம்பி ஹபீப் முகமது ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ் கிருபையில் நான் சுகம். நீங்களும் மச்சானும் சுகமா? மச்சானுக்கு முட்டிவலி குறைந்ததா?

குன்னூரில் மே மாதம் ஸ்னூக்கர் போட்டி. வருஷாவருஷம் நடப்பதுதான். ஆனால் சம்பளத்துக்கு ஆடுகிறவன் தொழில்காரன், அவன் கனவான்களோடு போட்டியில் நிற்கக்கூடாது என்று என் போன்ற மார்க்கர்களை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். இந்த வருஷம் விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். வேலை பார்க்கும் கிளப் கடிதம் கொடுத்தால் மார்க்கரும் ஆடலாம். இறுதி ஆட்டத்துக்கு வருகிற இரண்டு பேரையும் பெங்களூர்த் தொழிற்சாலை ஒன்று தன் அணியில் சேர்த்துக்கொள்கிறதாம். வேலை, குவார்ட்டர்ஸ், போட்டிகளுக்குச் சம்பளத்தோடு லீவு.

எங்கள் கிளப்பில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஹரிதாஸ் ஸார். தேயிலை ஏலத்தில் பெரிய புரோக்கர். பில்லியர்ட்ஸ் அறைக்குச் செயலாளர். பத்து வருஷமாக வாரம் மூன்று நாள் என்னோடுதான் ஆடுகிறார்.

என் வேலை என்னவென்று உங்களுக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை அக்கா. பலகையில் புள்ளி ஏற்றுவது, மேஜையின் பச்சைத் துணியைத் துலக்குவது, பந்தை எடுத்து வைப்பது எல்லாம் மேல்வேலை. நிஜமான வேலை மெம்பர்களிடம் தோற்றுக்கொடுப்பது. சும்மா தோற்றால் கண்டுபிடித்துவிடுவார்கள். கடைசிவரை இழுத்துக்கொண்டு போய், மிச்சமிருக்கும் கறுப்புப் பந்தைக் குழிக்குள் தள்ளாமல் குழியின் வாயிலேயே நிறுத்த வேண்டும். “அட, போச்சே!” என்று நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மெம்பர் வந்து ஊதினாலும் அது விழுந்துவிடும். உள்ளே தள்ளுவதைவிட வாயில் நிறுத்துவதற்கு இரண்டு மடங்கு கைப்பக்குவம் வேண்டும்.

ஜெயித்த கையோடு ஹரிதாஸ் ஸார் எனக்குப் பாடம் எடுப்பார். “முழங்கைய ஆட்டாதேன்னு எத்தன தடவ சொல்றது ஹபீப்?” பஜ்ஜி தின்ற கையால் என் முழங்கையைப் பிடித்துக் காட்டுவார். வெள்ளைக் கோட்டில் ஐந்து விரலும் எண்ணெயாகப் பதியும். கோட்டு கிளப்புடையது. எனக்கு முன்னால் இருந்தவருடைய வேர்வைக் கறையே இன்னும் அக்குளில் மஞ்சளாக இருக்கிறது. இரண்டு பேர் அழுக்கையும் நான்தான் துவைக்கிறேன்.

கையெழுத்துக் கேட்கப் போகிறேன். துஆ செய்யுங்கள்.

தங்கள் தம்பி,
ஹபீப் முகமது

*

சேரம்பாடி,
13-3-1974

தம்பி ஹபீபுக்கு அக்காவின் ஸலாம். நாங்கள் சுகம். மச்சானின் முட்டி அப்படியேதான் இருக்கிறது. கடையில் மூட்டை தூக்காதீர்கள் என்றால் கேட்பதில்லை.

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பஜ்ஜிக் கை வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அன்றைக்கென்று நானும் பஜ்ஜி சுட்டிருந்தேன், அவர் தின்றுகொண்டிருந்தார். பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

பத்து வருஷமாக ஒரு மனுஷன் தான்தான் ஜெயிக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறானா? அவனுக்குக் கண் எங்கே இருக்கிறது, பிடரியிலா? அவனைச் சொல்லி என்ன, அந்தக் கூத்தை ஆடிக் காட்டுகிற உன்னைச் சொல்ல வேண்டும். படிக்கும்போதே எனக்கு உடம்பு கூசியது.

கையெழுத்து வாங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிரு. வாங்கிய பிறகு ஒரு பந்துகூட விட்டுக்கொடுக்காதே. குவார்ட்டர்ஸ் என்றால் வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்குமா என்று விசாரித்து எழுது. உனக்குப் பெண் பார்க்கிற இடத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள். குளிரில் வெறும் காலோடு நிற்காதே.

நஜ்முன்னிசா

*

ஊட்டி,
2-4-1974

அன்பு அக்காவுக்கு, ஹபீபின் ஸலாம். சுகமாக இருக்கிறேன். உங்கள் இருவர் சுகத்துக்கும் எந்நேரமும் துஆ.

கையெழுத்துக் கிடைத்துவிட்டது. ஹரிதாஸ் ஸார் தட்டாமல் போட்டுக்கொடுத்தார். காரணம் மறுநாள் தெரிந்தது. அவரும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். “ஒன்னைய மாதிரி ஆளையே அடிக்கிறேன், எனக்கென்ன பயம்?” என்று அறையில் எல்லாரும் கேட்கச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

சீட்டுக் குலுக்கினார்கள். முதல் சுற்றில் எனக்கு அவர், அவருக்கு நான். மூன்று ஆட்டத்தில் இரண்டு எடுப்பவர் ஜெயிப்பார்.

ஸார் என் தோளில் கை போட்டு நிஜமாகவே வருத்தப்பட்டார். “பாவம், மொத ரவுண்டுலயே போயிருவே. என்ன பண்றது, சீட்டு அப்பிடி விழுந்துருச்சு.” அவர் வாயிலிருந்து பிராந்தியும் வெங்காயமும் சேர்ந்து அடித்தது. நகரவும் முடியவில்லை, ஏனென்றால் அவர் கை என் தோளில் இருந்தது.

நான் ஜெயித்தால், பத்து வருஷமும் பொய் என்று ஊர் முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் இறுதி ஆட்டத்துக்குப் போகாமல் நடுவில் எங்காவது தோற்றேன் என்றால், திரும்பி வர எனக்கு இந்தக் கிளப்பும் இருக்காது. தோற்றுக்கொடுத்தால் சாகும்வரை இந்தக் கோட்டுதான்.

உள்ளே குழாய் உண்டாம், விசாரித்துவிட்டேன்.

ஹபீப் முகமது

*

சேரம்பாடி,
9-4-1974

ஹபீபுக்கு, உன் அக்கா நஜ்முன்னிசா. ஸலாம். சுகம்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அடி. நன்றாக அடி. அந்த ஆள் வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கும்படி அடி. தன்னால் ஜெயிக்க முடியாது என்று ஒரு மனுஷனுக்கு நாற்பது வயதுக்கு மேல் தெரிவது நல்லதுதான். வேலை போனால் இங்கே வா. உனக்கு ஒரு தட்டுச் சோறு போட எங்களால் முடியும்.

மச்சான் குன்னூருக்குத் தேயிலைத் தூள் எடுக்க வருகிற சாக்கில் ஆட்டம் பார்க்க வருகிறார். கிளப் வாசலில் தடுத்தால் உன் பெயரைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அவர் முன்னால் என்னைத் தலை குனிய வைக்காதே.

அல்லாஹ் உன் கைக்குப் பலம் தரட்டும்.

நஜ்முன்னிசா

*

ஊட்டி,
6-5-1974

அன்பு அக்காவுக்கு ஸலாம். இங்கே யாவரும் சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

தோற்றுவிட்டேன். முதல் ஆட்டம் நான், அடுத்த இரண்டும் அவர். கடைசியில் கை வழுக்கிவிட்டது. மச்சானைப் பார்க்காமல் கிளம்பி வந்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் முட்டிக்கு யூகலிப்டஸ் தைலம் இரண்டு பாட்டில், கூடலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்த பிறகு தேய்க்க வேண்டும்.

வேறு விசேஷம் இல்லை.

ஹபீப்

*

சேரம்பாடி,
15-5-1974

ஹபீப் முகமதுவுக்கு,

ஸலாம் சொல்வது கடமை. அதனால் சொல்கிறேன்.

மச்சான் ஊர் வந்து இரண்டு நாள் கடையே கதி என்று கிடந்தார். மூன்றாம் நாள் கடை சாத்தும்போது சொன்னார்: “நஜ்மு, அந்தக் கறுப்புப் பந்து குழிக்கு நேரா, ஒரு முழத்துல நின்னுச்சு. அதைய நானே போட்டிருப்பேன். இந்த முட்டியோட போட்டிருப்பேன்.”

கை வழுக்கிவிட்டதாம்! அந்தப் பந்து குழி வாயில் போய் நின்றதாம், நீ நெற்றியில் அடித்துக்கொண்டாயாம். எனக்கு நீயே எழுதியதுதானே அந்த வித்தை எல்லாம்? இரண்டு மாதம் முன்னால் எழுதியதை அக்கா மறந்திருப்பாள் என்று நினைத்தாயா?

என்ன கொடுத்தான் அவன்? புதுக் கோட்டு தைத்துக்கொடுத்தானா? இல்லை, முழங்கையை இன்னொரு தரம் பிடித்துவிட்டானா?

இங்கே கோடை மழைக்கே அட்டை கிளம்பிவிட்டது. கொல்லைப்பக்கம் போனால் விரலிடுக்கில் வந்து ஒட்டுகிறது. அதைப் பிய்த்துப் போடும்போது வருகிற அருவருப்பு உன்னை நினைத்தாலும் வருகிறது. சீ!

தைலம் வந்தது. மச்சான் தேய்த்துக்கொள்கிறார். நான் தொடவில்லை. இனி எனக்கு எழுத வேண்டாம்.

*

காந்தல், ஊட்டி,
20-6-1974

அன்பு அக்காவுக்கு, ஹபீபின் ஸலாம். எழுத வேண்டாம் என்றீர்கள். விலாசம் மாறியதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது என்று எழுதுகிறேன். கிளப்பில் நான் இல்லை. காந்தலில் ஒரு காய்கறி மண்டியில் கேரட் கழுவுகிறேன். கைதான் மரத்துப்போகிறது, மற்றபடி சுகம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஹரிதாஸ் ஸார் என்னை ஜெயித்து இரண்டாம் சுற்றுக்குப் போனார் அல்லவா, அங்கே அவருக்கு எதிராளி நாச்சிமுத்து என்று ஒருவர். குந்தாவில் மின்சார வாரியத்து லைன்மேன். இரண்டு ஆட்டமும் சேர்த்து ஸார் எடுத்தது பதினோரு புள்ளி. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அந்த மனுஷன் கை கொடுத்துவிட்டு, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல் கேட்டிருக்கிறார்: “ஏனுங்க, நீங்க இதுக்கு முன்னால யாருகூட ஆடிப் பழகுனீங்க?”

ஸார் நேரே காரில் ஏறி ஊட்டிக்கு வந்தார். ஈர பூட்ஸோடு அறைக்குள் நுழைந்தார். மற்ற மெம்பர்கள் மூன்று பேர் இருந்தார்கள்.

“பத்து வருசத்துல நான் நெசமா எத்தன ஆட்டம் ஜெயிச்சேன்?”

நான் பந்துகளை எடுத்து வைத்தேன்.

“சொல்றா!”

“ஒண்ணு ரெண்டு இருக்குமுங்க,” என்றேன்.

அதுவும் மரியாதைக்குச் சொன்னதுதான். ஒன்றுகூட இல்லை.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. நம்பிக்கை மோசடி செய்ததாக எழுதி, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். தோற்றதற்காக வேலை போன ஆட்டக்காரன் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வாசலில் வந்து காறித் துப்பினேன். அவர்கள் மேலேயா, என் மேலேயா என்று தெரியவில்லை.

மச்சானுக்கு ஸலாம்.

ஹபீப் முகமது

*

சேரம்பாடி,
11-8-1974

அன்பு மைத்துனர் ஹபீப் முகமதுவுக்கு அப்துல் கையூமின் ஸலாம். நலம். நலமறிய ஆவல். இங்கே அடைமழை. கூடலூர் ரோட்டில் மண் சரிந்து பத்து நாள் தபால் இல்லை.

உன் கடிதத்தை உன் அக்கா பிரித்தாள், படித்தாள், அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள். தினமும் அரிசி எடுக்கும்போது படிக்கிறாள் என்று நினைக்கிறேன், சோறு ஆக நேரமாகிறது. பதில் எழுதச் சொன்னால், கடையில் உங்களுக்கு வேலை இல்லையா என்கிறாள். அவள் அழுகிறாள் என்று உனக்கு எழுதக் கூடாதாம். ஆகையால் எழுதவில்லை.

தைலம் நன்றாக இருக்கிறது.

அ. அப்துல் கையூம்

*

சேரம்பாடி,
20-10-1974

தம்பி ஹபீபுக்கு அக்காவின் ஸலாமும் துஆவும். பெருநாள் கழிந்தது. நீ வருவாய் என்று கறி எடுத்து வைத்திருந்தேன். வரச் சொல்லி எழுதாமல் எப்படி வருவாய்? என் புத்தி அப்படி.

ஐந்து மாதமாக உன் மேல் கோபமாக இருக்கிறேன் என்று நீ நினைத்திருப்பாய். முதல் மாதம் கோபம்தான். உன் காந்தல் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு வேறொன்று ஞாபகம் வந்து தொலைத்தது.

நம் அத்தா மௌத்தாகி, வீட்டில் சம்பாதிக்க ஆளில்லாமல் நின்ற வருஷம். நீ கிளப்பில் சேர்ந்து நாலு மாதம். பதினேழு வயது. ஒரு எஸ்டேட் துரையைத் தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்துவிட்டாய் என்று உன்னைப் பதினைந்து நாள் வேலைக்கு வரவேண்டாம் என்று அனுப்பினார்கள். நான் ஜெயித்தேன் அக்கா என்று எனக்குச் சந்தோஷமாக எழுதியிருந்தாய். நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? தோற்றுப் போனால் உனக்கு என்ன குறைந்துவிடும், பெரிய மனுஷன் மனம் குளிர்ந்தால் நமக்கு அடுப்பெரியும் என்று எழுதினேன். அப்போது நிஜமாகவே அடுப்பு எரியவில்லை. ஆனாலும் எழுதினவள் நான்தான்.

ஹரிதாஸை அருவருத்தேன், உன்னை அருவருத்தேன். இப்போது வரிசையில் நான் நிற்கிறேன். என் மூஞ்சியை நானே கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், மறைக்காமல் எழுது. அந்தப் பந்தை ஏன் விட்டாய்? பயமா, பரிதாபமா, அவன் ஏதாவது தருவதாகச் சொன்னானா? எதுவானாலும் இனி திட்டமாட்டேன்.

உன் அக்கா,
நஜ்முன்னிசா

*

காந்தல்,
8-11-1974

என் அக்காவுக்கு, ஹபீபின் ஸலாம். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததே பாதி சுகம். அந்தப் பழைய கடிதத்தை நினைத்து நீங்கள் கலங்க வேண்டாம். அன்றைக்கு நீங்கள் எழுதாவிட்டாலும் பதினைந்து நாள் பட்டினி எனக்கு அதையேதான் சொல்லியிருக்கும்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். இரண்டாவது ஆட்டத்தை வேண்டுமென்றுதான் கொடுத்தேன். முதல் ஆட்டம் நான் எடுத்ததும் அவர் முகம் செத்துவிட்டது, ஒன்றை வைத்துக்கொள்ளட்டுமே என்று. மூன்றாவதை நான் கொடுக்கவில்லை அக்கா.

ஜெயிக்கத்தான் குனிந்தேன். பெங்களூரை நினைத்தேன், குழாயை நினைத்தேன், மச்சான் மூன்றாவது வரிசையில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். பிஸ்மி சொல்லி அடித்தேன். பந்து போய்க் குழியின் வாயில் நின்றது. பதினான்கு வருஷமாக எங்கே நிறுத்தினேனோ அங்கேயே, ஒரு நூல் பிசகாமல். நான் ஜெயிக்கச் சொன்னேன், என் கை அதன் உத்தியோகத்தைப் பார்த்துவிட்டது. நெற்றியில் அடித்துக்கொண்டதும் நான் இல்லை. “அட, போச்சே” என்று வாயும் தானாகவே சொன்னது.

நான் விலை போய்விட்டேன் என்று நீங்கள் நினைத்தபோது மறுக்காமல் இருந்துவிட்டேன். விலை போகிறவனுக்குக் கையாவது சொந்தமாக இருக்கும். எனக்கு அதுவும் இல்லை என்று எப்படி எழுதுவேன்? கேரட் கழுவும்போது பச்சைத் தண்ணீருக்குள் இந்தக் கையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெறுப்பாக வரும்.

போன வாரம் ஹரிதாஸ் ஸார் மண்டிக்கே வந்தார். கிளப்பில் புதிதாகச் சேர்த்த மார்க்கர் சின்னராஜ் எல்லாரையும் அடித்து நொறுக்குகிறானாம். மெம்பர்கள் ஆட வருவதையே குறைத்துக்கொண்டார்களாம். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு சேற்றில் நின்றார்.

“வந்துரு ஹபீப். பழையபடி ஆடலாம்.”

“பழையபடின்னா எப்படீங்க?”

“அதான். பழையபடி.”

“இப்பத்தான் உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சேங்க.”

“எனக்குத் தெரிஞ்சா என்ன? மத்தவங்களுக்கு முன்னால ஜெயிச்சாப் போதும்.”

அக்கா, இத்தனை நாள் அவரை ஏமாற்றிவிட்டோமே என்று ஒரு மூலையில் எனக்கு வருத்தம் இருந்தது. அது அந்த நிமிஷமே போய்விட்டது. “கை ஈரமா இருக்குதுங்க, நீங்க போய்ட்டு வாங்க,” என்றேன். கேரட்டை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தேன்.

லைன்மேன் நாச்சிமுத்து கிளப்பில் விசாரித்து என்னைத் தேடி வந்தார். குந்தா கேம்ப்பில், அணை கட்ட வந்த வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன மேஜை ஒன்று இருக்கிறது. துணி நாலு இடத்தில் கிழிந்து தைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். நாங்கள் ஆட்டம் ஆடுவதில்லை. அவர் கறுப்புப் பந்தை வைப்பார், நான் குழிக்குள் தள்ள வேண்டும். அவ்வளவுதான். முதல் நாள் நாற்பதில் இருபத்தாறு வாயிலேயே நின்றது. நாச்சிமுத்து சிரிக்காமல் மறுபடி மறுபடி எடுத்து வைத்தார். மார்க்கராக இல்லாதவனுக்குக் கிளப் கடிதம் தேவையில்லையாம். வருகிற மே மாதம் பெயர் கொடுக்கிறேன். பெங்களூர்க்காரர்கள் இந்தத் தடவையும் வருகிறார்கள்.

மச்சானுக்கு ஸலாம். முட்டிக்கு மறுபடி தைலம் வேண்டுமா?

தம்பி ஹபீப்

*

சேரம்பாடி,
20-11-1974

ஹபீபுக்கு அக்காவின் ஸலாம். தைலம் வேண்டும், நானே கேட்கிறேன்.

கையைத் திட்டாதே. அது சொன்னபடி கேட்டு வளர்ந்த கை. இப்போது வேறு சொல்லிக்கொடு, கேட்கும்.

மண்டிக்கு வந்த அந்த ஆள் விஷயத்தை மச்சானுக்கு வாசித்தேன். கடைவாசலில் போய்த் துப்பிவிட்டு வந்தார். நான் அவருக்கு முன்னாலேயே துப்பியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை குந்தாவுக்குப் பட்டினியாகப் போகாதே.

நஜ்முன்னிசா

*

குன்னூர், ரயிலடி,
9-5-1975

அன்பு அக்காவுக்கு, ஹபீபின் ஸலாம். சுகமாக இருக்கிறேன். ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவதால் கையெழுத்துக் கோணலாக இருக்கும்.

மூன்று சுற்று ஜெயித்தேன். இரண்டாவது சுற்றில் கறுப்புப் பந்து ஒன்றுதான் மிச்சம் என்று வந்து நின்றது. நாச்சிமுத்து எழுந்து வெளியே போய்விட்டார், பார்க்கத் தைரியம் இல்லாமல். போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பி வந்தார்.

இன்றைக்கு அரை இறுதி. எதிராளி ஒரு பாங்க் குமாஸ்தா, மெல்லிய ஆள், பெரிய கண்ணாடி. ஆட்டம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத் தெரிந்ததை எல்லாம் போட்டேன் அக்கா, ஒளித்து வைத்ததையும் எடுத்துப் போட்டேன். போதவில்லை. மூன்று ஆட்டத்தில் இரண்டு அவருக்குப் போய்விட்டது. பெங்களூர் வேலை அவருக்கும் இன்னொருவருக்கும். உங்களை அந்தக் குழாயடியில் நிற்க வைத்துப் பார்க்க ஆசைப்பட்டேன், நடக்கவில்லை.

வெளியே வரும்போது ஹரிதாஸ் ஸார் நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, “விட்டுக் குடுத்துட்டியா? என்ன தந்தான்?” என்றார்.

“இல்லீங்க. தோத்துட்டேனுங்க,” என்றேன்.

அவர் நம்பவில்லை. நம்பாமலே என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். சட்டையை உதறிக்கொண்டேன்.

ரயிலடிக்கு நடந்து வரும்போது வாய் கசந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. குமாஸ்தாவை இழுத்து வைத்து அறையலாம் போல இருந்தது, அவர் என்ன பாவம் செய்தார்! எனக்கு இப்படியெல்லாம் வந்ததே இல்லை. டீக்கடையில் முகம் கழுவி உட்கார்ந்த பிறகுதான் காரணம் புரிந்தது.

கிளப்பில் சேர்ந்த நாளிலிருந்து பதினைந்து வருஷத்தில் நான் நிஜமாகத் தோற்ற முதல் ஆட்டம் இது.

தம்பி,
ஹபீப் முகமது